ஓரங்குல இடைவெளி

படப்பையிலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கீரை ஏத்துறது எங்க பழைய டாடா 407தான். அப்பா வாங்கினது. போன மாசம் கிளட்ச் தேஞ்சுபோச்சு. முடிச்சூர் ரோட்டுல ஒரு ஷெட்ல விட்டேன்.

புது பிளேட் போட்டாச்சு. ஜாக்கியில தூக்கின கியர் பாக்ஸ் எஞ்சினோட சேரல. ஓரங்குல இடைவெளி. மணி ராத்திரி பதினொண்ணு. பறிச்ச கீரை வீட்டுல வாடுது.

"போல்ட் போட்டு இறுக்கினா உள்ள போயிடாதாண்ணே?"

"போகும். ஹவுசிங் காது உடையும், பிளேட்டும் கோணும். அப்புறம் ஒரு வாரம் வண்டி நிக்கும், பரவால்லயா?"

பிளேட் நடுவுல நிக்க, பழைய இன்புட் ஷாஃப்ட்டை விட்டுப் பார்த்துதான் பிரஷர் பிளேட்டை இறுக்கியிருந்தார். அதனால பிளேட்ல தப்பில்ல. பல்லுக்குப் பல்லு பொருந்தணும், அவ்வளவுதான். கியர் பாக்ஸ் சாயாம ஜாக்கியை ஒரு நூல் இறக்கினார். டாப் கியர் போட்டு, பின்பக்க ஃபிளாஞ்சைக் கையால மெதுவா திருப்பினார். 'தடக்'. இடைவெளி காணோம். போல்ட்டெல்லாம் விரலாலயே ஏறிச்சு.

மத்த வேலை முடிய விடிஞ்சிடுச்சு. கீரை பாதி விலைக்குத்தான் போச்சு. ஆனா மறுநாள் மூணு மணிக்கு வண்டி மார்க்கெட்ல நின்னுச்சுங்க.