சாம்பியன் ரீஃப்

ரீஃப் என்றால் எனக்குத் தங்கம்தான். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பாறைக்குள் தங்கத்தோடு ஓடும் குவார்ட்ஸ் கல்லுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. கடலுக்குள்ளும் ரீஃப் உண்டென்று காட்டியவன் லண்டனில் இருக்கும் அக்கா மகன்.

அவன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மான்கொம்பு போலக் கிளைத்த பவளங்கள். அவை முட்டையிடும் ராத்திரி அன்று, "லைட்டைப் போட்டுடாதீங்க மாமா" என்றான். முட்டைகளை இழுத்துவிடும் என்று பம்பையும் நிறுத்திவிட்டான். சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பவளப்பூச்சியின் வாயிலும் ஓர் இளஞ்சிவப்பு மணி. முட்டையும் விந்தும் சேர்ந்த சின்ன மூட்டை. கொதிநீரில் ஜவ்வரிசி எழும்புவதுபோல அவை ஒவ்வொன்றாக மேலே வந்தன.

இருட்டில் காத்திருப்பது எனக்குப் பழகியதுதான். நைனா சுரங்கத்துக் கேஜில் இறங்கும் ராத்திரிகளில் அம்மா தூங்கமாட்டாள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அடியில் பாறை வெடித்தால் ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே பாத்திரம் உருளும். அதை எடுக்காமல் சுவரைப் பிடித்தபடியே நிற்பாள்.

கடலின் சூடு, பகலின் நீளம், நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாவற்றையும் தொட்டிக்குள் கொண்டுவந்தால் பவளம் சொன்ன நேரத்தில் முட்டையிடும் என்று 2013-இல் நிரூபித்தது லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம். அந்த வேலையை நடத்திய ஜேமி கிராக்ஸின் பெயரை மருமகன் குருவின் பெயர்போலச் சொல்வான்.

இரண்டு பவளங்களின் மூட்டைகளையும் கோப்பையில் அள்ளிக் கலந்தான். தன் விந்து தன் முட்டைக்கு உதவாதாம். பிறகு நீர் மாற்றி, செத்த முட்டைகளைப் பொறுக்கி எறிந்துகொண்டே இருந்தான். ஒன்று அழுகினாலும் மற்றதைக் கெடுத்துவிடும். சில நாளில் அவை நீந்தத் தொடங்கின. நீந்தி இடம் தேடின. புதுக் கல்லைக் கொடுத்தால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் தொட்டியில் ஊறி, இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்த பழங்கல்தான் வேண்டும்.

எங்கள் முன்னோர்களும் வடஆற்காட்டிலிருந்து வந்து சாம்பியன் ரீஃப் கல்லில்தான் ஒட்டினார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியது. இன்று பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டியபின் வருகிறார்கள். தங்கம் பிரித்த கழிவின் சயனைடு மேடு மட்டும் இடம்பெயரவில்லை.

அதே 2001-இல்தான் நம் நாட்டில் கல் பவளத்துக்குப் புலிக்குள்ள பாதுகாப்புக் கிடைத்தது. இங்கே வீட்டில் வளர்க்க முடியாது. கூடாது என்பதே என் எண்ணமும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டியது போதும். அங்கே இப்போது தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் பவளத் துண்டுகளைக் கடலிலேயே நட்டு வளர்க்கிறார்கள்.

நைனா வைத்திருந்த சாம்பியன் ரீஃப் கல் ஒன்றை மருமகனிடம் கொடுத்தேன். பழங்கல்தானே, தொட்டியில் போடலாமா என்றேன். கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேணாம் மாமா. உலோகம் கசிஞ்சா குஞ்செல்லாம் செத்துடும்."

தொட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடியை ஒட்டி வைத்தான்.