கல்லைத் திட்டாதே

அப்பாவுக்குத் திருச்சியில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் சைக்கிளில் போய்வருவார். ஒரு கோடை விடுமுறையில் நானும் சாணை முன்னால் உட்கார்ந்து இரண்டு கல்லைக் கெடுத்தேன். "கல்லு சரியில்லப்பா" என்றேன். "கல்லைத் திட்டாதடா, உன் கை எங்க அழுத்துச்சுன்னு பாரு" என்றார்.

அது உறைக்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

நான் எண்ணெய்க் கிணறு தோண்டும் குழாயின் நுனியில் சுழன்று பாறையைச் செதுக்கும் பிட்டை வடிவமைப்பவனானேன். நம் காவிரி டெல்டாவில் நரிமணம் பக்கம் இருப்பது போன்ற கிணறுகள்தான். மேலே வயலும் வீடும் இருந்தால், துளையிடும் ரிக்கை ஓரமாக நிறுத்திக் கிணற்றைச் சாய்த்து வளைத்துக் கொண்டுபோவார்கள். மேல்பகுதியில் இரும்புக் குழாய் இறக்கிச் சிமென்ட் போட்ட பிறகு, அதற்குள் 8½ அங்குல பிட்தான் நுழையும். கீழே வேண்டியதோ 9⅞ அங்குலத் துளை. களிப்பாறை உப்பிப் பெருத்தால் அடுத்த குழாய் சிக்கிக்கொள்ளுமே!

அதற்கென்றே ஒரு பிட் உண்டு. நுனியில் சிறிய தலை. அதற்கு மேலே ஒரு பக்கம் மட்டும் புடைத்த இறக்கை. குழாய்க்குள் ஒருக்களித்து இறங்கும். வெளியே வந்து, சிறிய தலையை நடுவாக வைத்துச் சுழன்றால், இறக்கை பெரிய வட்டமாகச் செதுக்கும். செதுக்கும் பற்களின் முகத்தில் செயற்கை வைரம்.

என் முதல் பிட் பல் முறிந்து வந்தது. துளையும் குறுகல். இன்னும் உறுதியான பற்களைப் பதித்தேன்; அவையும் முறிந்தன. வைரம் செய்து கொடுத்தவர்களைக் குறை சொன்னேன். அன்றிரவு முறிந்த பல்லொன்றை உள்ளங்கையில் உருட்டியபோதுதான் அப்பா குரல் கேட்டது.

கணக்கை மறுபடி போட்டேன். இறக்கை ஒரு பக்கம் பாறையை அழுத்த, பாறை மொத்த பிட்டையும் எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது. சிறிய தலையால் நடுவில் நிற்க முடியவில்லை. அதன் பற்களின் கோணத்தை மாற்றி, இறக்கையின் தள்ளலுக்கு அது எதிராகத் தள்ளும்படி செய்தேன். எதிர்ப்பக்கம், சுவரில் சாய்ந்து தாங்க ஒரு வழவழப்பான திண்டு. வைரம் பழையதேதான். பிட் முழுசாகத் திரும்பி வந்தது.

தம்பி, தங்கைகளே, கூட வேலை செய்பவர் தடுமாறினால் "அவன் சரியில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். நீங்கள் அந்த இறக்கைபோல அகல அகல, எதிர்ப்பக்கம் யாரோ சுவரோடு நசுங்கிக்கொண்டிருப்பார். ஆளை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வீட்டிலும் இதே கணக்குதான்.

ஓய்வுபெற்ற அப்பாவிடம் அந்த வைரப் பல்லைக் காட்டினேன். அதன் விலையை அவர் கேட்கவில்லை. கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை எந்தப் பக்கமாடா புடிச்சு நிறுத்துவீங்க?" என்றார்.