சோதனைச் சாவடியில் நிற்கும் இளைஞர்களுக்கு

சிலாபத்திலிருந்து முந்தல், பாலாவி வழியாகப் புத்தளம் செல்லும் கடலோர வீதியில், உழைத்த பணத்தையெல்லாம் செலவிட்டுத் தம் வாகனத்தை அலங்கரித்து, சைலன்சரை மாற்றி, கண்கூசும் விளக்குகள் பூட்டிய நம் இளைஞர்கள், பொலிசார் கைகாட்டியதும் கலங்கி நிற்பதைக் காண மனம் வருந்துகிறது.

2025இன் ஆரம்பத்தில் அரசாங்கத்தின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தையொட்டிப் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களை அகற்றப் பொலிசார் முனைந்தபோது எழுந்த ஆட்சேபங்களில் நியாயமும் இருந்தது. ஆயினும் எதிரே வருபவனின் பார்வையை ஒரு கணம் பறிக்கும் விளக்கை அலங்காரம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

வாகனத்தின் நிறமோ இயந்திரமோ மாறினால், அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். பொலிசார் மறித்தால் ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப்பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றை நிதானமாக நீட்டுங்கள். வாதம் வீதியில் வேண்டாம், அதற்கு நீதிமன்றம் உண்டு.

இன்னொன்று, நம் பிரதேசத்துக்கு மிக முக்கியமானது: பொலிசார் சிங்களத்தில் எழுதிய தாளை விளங்காமலே பயத்தினால் அதில் கையொப்பமிடுவோர் பலர். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே, “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று மரியாதையோடு கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள், தம்பிமாரே.