மாற்றலும் மூட்டை முடிச்சும்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்றதும் ஓர் அரசு ஊழியரின் இல்லத்தில் முதலில் கலங்குபவர் பெரும்பாலும் அவ்வூழியர் அல்லர்; அவருடைய மனைவியே. கட்டில், பீரோ, பிள்ளைகளின் புத்தக மூட்டை என ஒவ்வொன்றையும் அவர் மனத்துக்குள் எடைபோடத் தொடங்கிவிடுகிறார். அஞ்சலகத்திலும் இரயில்வேயிலும் பணிபுரிந்த எத்தனையோ குடும்பங்களுக்கு நாம் விடைகொடுத்து அனுப்பியிருக்கிறோம். இக்கவலை நமக்குப் புதிதன்று.

மத்திய அரசும் அச்சாமான்களை எடைபோட்டே வைத்திருக்கிறது. 7ஆம் ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2017 ஜூலையில் நிதியமைச்சகம் பிறப்பித்த ஆணை, ஊதிய நிலை 6உம் அதற்கு மேலும் உள்ளோருக்கு 6,000 கிலோ, நிலை 5இல் உள்ளோருக்கு 3,000 கிலோ, நிலை 4உம் அதற்குக் கீழும் உள்ளோருக்கு 1,500 கிலோ என வரையறுத்தது. சாலை வழியே கொண்டுசெல்வோருக்குக் கிலோமீட்டருக்கு முறையே 50, 25, 15 ரூபாய் உச்சவரம்பு. அகவிலைப்படி 50 விழுக்காடு உயரும்போது இவ்வீதம் கால்பங்கு கூடவேண்டும் என்பதும் அவ்வாணையிலேயே உண்டு. 2024 ஜனவரி முதல் அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டியபடியால், அவ்விதியின்படி 15 ரூபாய் 18 ரூபாய் 75 காசாகிறது.

சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் மாற்றலாகும் கடைநிலை ஊழியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தொலைவை 600 கிலோமீட்டர் என்று கொண்டால், அவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 11,250 ரூபாய். அதே சாலையில் மேலதிகாரிக்கு 37,500 ரூபாய். அதிகாரியின் வீட்டில் சாமான் அதிகம் என்பது ஒருவேளை உண்மையாயிருக்கலாம். ஆனால் லாரிக்காரர் எவரிடமும் ஊதிய நிலையைக் கேட்டு வாடகை சொல்வதில்லையே! வண்டி பாதி காலியாகச் சென்றாலும் டீசல் முழுமையாகத்தான் செலவாகும். சாமான் குறைந்தவருக்கு எடையைக் குறைத்தது நியாயம். கிலோமீட்டர் வீதத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது நியாயமாக நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவே தரப்படுகிறது என்று சொல்வதும் பொருந்தாது. அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு மாற்றல் மானியமாகத் தனியே உண்டு. 18,000 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறுபவருக்கு அது 14,400 ரூபாய். மூட்டை கட்டுவது, ஏற்றுகூலி, இறக்குகூலி யாவும் இதற்குள் அடங்கவேண்டும். புதிய வீட்டுக்கு முன்பணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்பவற்றையும் இதனோடு சேர்த்தால், கையிலுள்ளது எவ்வளவு நாள் தாங்கும் என்பதை இல்லத்தரசிகள் நம்மைவிட நன்கறிவார்கள்.

சொந்த வேண்டுகோளின்பேரில் மாற்றல் பெறுவோருக்கு இப்படிகள் பொதுவாக இல்லை. முதிய பெற்றோரைக் கவனிக்க ஊர் திரும்புகிறவர் தம் கைப்பொருளையே செலவிடவேண்டும். பொதுநலன் கருதிய மாற்றலே விதியின் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு குறிப்பு மட்டும். லாரி வாடகை ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அதுவின்றித் தொகை கிடைக்காது. 2018இல் வந்த ஆணைப்படி, பயணம் முடிந்த 60 நாட்களுக்குள் கோரிக்கை சமர்ப்பிக்கப்படவேண்டும். ஓய்வுபெற்று ஊர் திரும்புவோருக்கு 2021இல் இக்காலம் 180 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. பணியிலிருக்கும்போதே ஊழியர் இறந்துவிட்டால், அவர்தம் குடும்பம் சாமான்களுடன் சொந்த ஊருக்குச் செல்லவும் இவ்வுரிமை உண்டு. அப்பயணம் ஓராண்டுக்குள் முடியவேண்டும். துயரத்தில் மூழ்கியிருக்கும் வீட்டில் இதனை எவர் நினைவில் வைத்திருப்பார்? அத்தகைய குடும்பம் உங்கள் தெருவில் இருப்பின், அருள்கூர்ந்து இன்றே சென்று சொல்லுங்கள்.