பனி விழுந்தா லீவு, லா!

மழைக்காலம் வந்துவிட்டால் நம் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதில்லை, டி.வி.யைத்தான் பார்க்கிறார்கள். அடியில் ஓடுகிற எழுத்தில் நம்ம மாவட்டத்தின் பெயர் வருகிறதா என்பதுதான் அவர்கள் கவலை. அதிலும் எங்கள் சங்கரன்கோவில் பிள்ளைகள் பாவம். மேற்குத் தொடர்ச்சி மலை, சாரலையெல்லாம் குற்றாலத்துக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு வெறுங்காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். ஆடித் தபசு லீவு நிச்சயம். மழை லீவு லாட்டரிச் சீட்டு!

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பி.காம். பட்டதாரி, பூடான் தலைநகர் திம்புவுக்கு அக்கவுண்டன்ஸி வாத்தியாராகப் போனால் எப்படி இருக்கும்? போனது சாட்சாத் அடியேன்தான். சில வருஷங்களுக்கு முந்தைய கதை.

திம்பு, ஊட்டியைவிடக் கொஞ்சம் உசரம். டிராஃபிக் சிக்னல் கிடையாது. முக்கியச் சந்திப்பில் கலர் கலராகச் சித்திரம் தீட்டிய ஒரு கூண்டுக்குள் போலீஸ்காரர் நின்று, நாட்டியம் மாதிரி கையை அசைத்துப் போக்குவரத்தை ஓட்டிவிடுகிறார். அவர்கள் நுல்ட்ரமும் நம் ரூபாயும் சரிக்குச் சரி. காமர்ஸ் படித்தவனுக்குக்கூட அங்கே கணக்குத் தப்பாது. வீட்டுக்காரர், "குளிருக்கு புகாரி இருக்கிறது" என்றதும் எனக்கு நாக்கில் ஜலம் ஊறியது. பிரியாணி இல்லையாம். விறகு போட்டு எரிக்கிற கணப்பு அடுப்பு!

பிள்ளைகள் தங்க விக்ரகங்கள். எதைச் சொன்னாலும் கடைசியில் மரியாதைக்கு ஒரு 'லா' சேர்ப்பார்கள். "குட்மார்னிங் சார் லா!" எங்கள் பக்கத்தில் 'லே' போட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கொம்பை எடுத்துவிட்டுக் காலைப் போட்டால் எவ்வளவு மரியாதை வந்துவிடுகிறது பாருங்கள்!

அந்த ஊரில் ஒரு வழக்கம். வருஷத்தின் முதல் பனி தலைநகரில் விழுந்தால் அரசாங்கமே லீவு விட்டுவிடும். கேட்டதும் துள்ளிக் குதித்தேன். பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. டிசம்பர் நடுவிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மாசம் பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால விடுமுறை. பனி விழுகிற காலமும் அதுதான். ஆபீஸ்காரர்களுக்கு லாபம், வாத்தியார்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆனால் அந்த வருஷம் பனி, டிசம்பரையும் ஜனவரியையும் ஏமாற்றிவிட்டு, பள்ளிக்கூடம் திறந்த பிறகு பிப்ரவரிக் கடைசியில் வந்தது. காலையில் எழுந்தால் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. சத்தம்! நாய்கூடக் குரைக்கவில்லை. மழை என்றால் தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டு வரும். பனி திருடன் மாதிரி வருகிறது. ஜன்னலைத் திறந்தால் கூரை, மரம், பக்கத்து வீட்டு கார் எல்லாம் வெள்ளை. எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் கோலப்பொடியை ஈரமாக்குவது. இது கோலப்பொடியே மேலேயிருந்து கொட்டுவது!

பள்ளிக்கூடம் இல்லை என்று போன் வந்தது. தெருவில் தாத்தாக்களும் பேரன்களும் பனியை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். என் மாணவன் ஒருவன் குறி பார்த்து என் முதுகில் எறிந்துவிட்டு, "ஸாரி சார் லா!" என்றான்.

உடனே ஊருக்குப் போன் போட்டேன்.

"தலையில துண்டக் கட்டுய்யா, சளி பிடிச்சிரும்" என்றாள் அம்மா.

அப்பா போனை வாங்கினார். "ரோட்டுல தண்ணி நிக்கா?"

"இல்லப்பா."

"கரண்ட் இருக்கா?"

"இருக்குப்பா."

"பொறவு எதுக்குல லீவு?"

"பனி விழுந்ததுக்குத்தாம்ப்பா. நல்ல சகுனமாம்."

கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. "நல்லது வந்ததுக்கும் லீவு விடுவாங்களோ!" என்றார்.

அந்தக் கேள்வி என்னை இன்னமும் விடவில்லை. பூடான் நமக்கு விற்கிற முக்கியமான சரக்கு, ஆற்றுத் தண்ணீரில் எடுக்கிற மின்சாரம். மலையில் பனி இருந்தால் ஆற்றில் தண்ணீர். வயலுக்கும் அதுதான் ஆதாரம். அதனால் பனியை அவர்கள் வரவுப் பக்கத்தில் எழுதுகிறார்கள். நாமோ மழையைச் செலவுப் பக்கத்தில் மட்டுமே எழுதப் பழகிவிட்டோம். நம் லீவு பயத்தின் லீவு.

பயம் நியாயம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டியதை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கித் தவித்தார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டத்திலும் பள்ளிகளுக்கு லீவு. அந்த லீவை எந்தப் பிள்ளை கொண்டாடும்?

ஆனால் எல்லா மழையும் அந்த மழை இல்லையே! கரிசல் பூமி மாசக்கணக்கில் காய்ந்து கிடந்து, முதல் மழை விழுந்து மண் வாசனை கிளம்புகிற அந்த ஒரு நாளில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஜன்னலைச் சாத்திவிட்டு, பரீட்சைக்கு வரக்கூடிய கேள்விகளைக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால், ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம்.

ஒரு நாள் முழுக்க வேண்டாம் சார். ஒரே ஒரு பீரியட் விட்டால் போதும். அது அக்கவுண்டன்ஸி பீரியடாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை!