கூரை எங்கே நின்றது?

1957-ஆம் வருஷத்து ஃபோர்டு ஸ்கைலைனரில் தலைக்கு மேலே இருப்பது துணி அல்ல, முழு இரும்புக் கூரை. சுவிட்சைத் தட்டினால் டிக்கி மூடி பின்பக்கமாகத் திறக்கும்; கூரை எழும்பி, முன்விளிம்பை மடக்கிக்கொண்டு டிக்கிக்குள் போய்ப் படுத்துவிடும். டெட்ராய்ட் பக்கத்தில் நண்பர் வாங்கிப் போட்டிருந்த வண்டியில் மூடி ஒழுங்காகத் திறந்தது. அதற்குமேல் ஒன்றும் அசையவில்லை. "ஹைட்ராலிக் பம்ப் போயிருக்கும்" என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பழைய சர்வீஸ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தோம். இந்தக் கூரைக்குப் பம்ப்பே கிடையாது!

எல்லாம் மின்மோட்டார்தான். கூடவே 610 அடி ஒயர், பத்து ரிலே. கார்களில் கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காத காலம் அது. மூடி முழுக்கத் திறந்ததும் ஒரு லிமிட் சுவிட்ச் அமுங்கும். அது அடுத்த ரிலேவை உசுப்பும், ரிலே அடுத்த மோட்டாரை ஓட்டும். முந்தைய வேலை முடியாமல் அடுத்தது தொடங்காது. ஆகவே கூரை எங்கே நிற்கிறதோ அங்கேதான் நோய். இது புரிந்தபிறகு பாதிப் பயம் போய்விட்டது.

முதலில் எஞ்சினை ஓடவிட்டோம். பேட்டரி தளர்ந்திருந்தால் இந்த மோட்டார்கள் முனகும். பிறகு எர்த். இவ்வளவு பழைய வண்டியில் துருப்பிடித்த எர்த்தைச் சந்தேகிப்பதுதான் புத்தி. டெஸ்ட் லாம்ப் நன்றாகவே எரிந்தது. மிச்சமிருந்தது மூடியின் லிமிட் சுவிட்ச். டார்ச் அடித்துப் பார்த்தால், அதன் சின்னப் பொத்தானைச் சுற்றி பழைய கிரீஸ் காய்ந்து, அரக்காக இறுகியிருந்தது. மூடி வந்து தொட்டும் பொத்தான் உள்ளே போகவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் அழுத்தினேன். எங்கோ 'டக்' என்று ரிலே ஒலித்தது; பின் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை எழும்பியது. கையை இழுத்துக்கொண்டேன். இந்தக் கூரை யார் கை என்று பார்க்காது.

கிரீஸைச் சுரண்டி எடுத்ததும் வண்டி சரியாகிவிட்டது. ஆனால் இப்படி ஒரு சங்கிலியை யார் யோசித்தார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஃபோர்டில் இதன் தொடக்கம் கில் ஸ்பியர் என்ற வடிவமைப்பாளரின் யோசனை. பென் ஸ்மித் என்ற பொறியாளர் அதை ஓடவைத்தார். முதலில் கான்டினென்டல் மார்க் டூ என்ற ஆடம்பரக் காருக்காகத்தான் திட்டம் போட்டார்கள். பிறகு அது ஃபோர்டு பெயரிலேயே வந்தது. 1957-இல் 20,766 வண்டிகள். 1959-இல் 12,915. அதோடு நிறுத்திவிட்டார்கள். கூரை உள்ளே போனால் டிக்கியில் ஒரு சின்னத் தொட்டி அளவுக்குத்தான் சாமான் வைக்கலாம். குடும்பத்தோடு ஊர் போகிறவர் வாங்குவாரா?

உலகிலேயே முதல் மடங்கும் இரும்புக் கூரை இதுதான் என்று ரசிகர்கள் சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1922-லேயே பென் எல்லர்பெக் என்பவர் ஒரு ஹட்சன் காரில் கையால் தள்ளும் கூரையைச் செய்து பார்த்திருக்கிறார். மின்சாரத்தில் நகரும் இரும்புக் கூரை 1930-களில் பிரான்சில் வந்துவிட்டது. அதற்குக் காப்புரிமை வாங்கிய ஜார்ஜ் போலான் தொழிலால் பல் மருத்துவர்! பெஜோ நிறுவனம் அந்த உரிமையை வாங்கி 'எக்லிப்ஸ்' என்ற பெயரில் கார்களை விற்றது. நாஜிகளை எதிர்த்து வேலை செய்ததற்காக 1942-இல் போலானைச் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்காவிலோ 1939 பிளைமவுத், எஞ்சின் உறிஞ்சும் காற்றைக்கொண்டே துணிக் கூரையைத் தூக்கியது. எனக்கு அதுதான் அழகான தீர்வாகத் தோன்றுகிறது. ஆனால் கனமான இரும்புக்கு அது போதாது.

ஸ்கைலைனர் நின்றாலும் அந்த ரிலேச் சங்கிலி நிற்கவில்லை. 1961-இல் வந்த நான்கு கதவு லிங்கன் கான்டினென்டல் கன்வர்ட்டிபிளில் துணிக் கூரையையும் டிக்கி மூடியையும் ஹைட்ராலிக்கும் மின்மோட்டார்களும் சேர்ந்து இயக்குகின்றன. வரிசை பிசகாமல் பார்த்துக்கொள்வது அதே ரிலேக்களும் லிமிட் சுவிட்சுகளும். 1967 வரை அந்தக் கார் விற்பனையானது. நண்பர் இப்போது அதில் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்.