பெருவிரலும் பொத்தானும்

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப்பொருள் உண்டெனக் கற்பிக்கும்போது 'வாளால் வெட்டினான்' என்பதனை எடுத்துக்காட்டாகக் கூறுதல் ஆசிரியர் வழக்கு. அவ்வாறு கூறிய ஒருநாள், எட்டாந்தரத்து மாணவனொருவன் எழுந்து, "சேர், வாளைப் பிடிச்சது கைதானே? அப்ப கை கருவியோ, வாள் கருவியோ?" என வினவினான். 'கையால் வெட்டினான்' எனினும் இலக்கணம் மறுப்பதில்லை என விடை கூறி அவனை அமர்த்தினோம். ஆயினும் வினா நல்ல வினா. கை எங்கே முடிகின்றது, கருவி எங்கே தொடங்குகின்றது என்பது கருவி மாறும்பொழுதன்றி எவர்க்கும் புலனாவதில்லை. எமக்கு அது புலனான வகையினையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். பொருளோ கணினி விளையாட்டு. விழா மலருக்கு இஃது ஏற்குமோ என ஐயுறும் மூத்த அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க; பழைய மாணவர் இருவரைப் பற்றியதாகலின் முற்றும் புறம்பான பொருளுமன்று.

சண்டை விளையாட்டு என்பது திரையில் இருவர் எதிரெதிர் நின்று பொருவது. யப்பானின் ஒசாக்கா நகரத்துக் கப்கொம் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'ஸ்ரீற் பைற்றர்' என்னும் விளையாட்டின் இரண்டாம் பாகம் 1991இல் வந்தபோதுதான் இவ்வகை உலகெங்கும் பரவிற்று. காசு போட்டு ஆடும் பெரும்பொறியில் இடக்கைக்கு எட்டுத் திசையும் அசையும் தண்டு. வலக்கைக்கு மூன்று குத்தும் மூன்று உதையுமாக ஆறு பொத்தான்கள். ரியு என்னும் வீரன் கையினின்று தீப்பந்து எறிய வேண்டின், தண்டினைக் கீழ், கீழ்-வலம், வலம் என வளைத்துக் குத்துப் பொத்தானை அழுத்தல் வேண்டும். விளையாட்டு விநாடிக்கு அறுபது கட்டமாக ஓடுகின்றது. விரைவான குத்தொன்று நான்கே கட்டங்களில் எதிரியைத் தீண்டும். எண்ணிப் பார்த்துக் கைவைக்க அங்கே நேரமில்லை. கை தானே அறிந்திருத்தல் வேண்டும்.

வீட்டுப் பொறிகளிலோ தண்டு இல்லை. இடக்கைப் பெருவிரலுக்கடியிலே சிலுவை வடிவான பொத்தானொன்று இருக்கும். நின்ரென்டோ நிறுவனத்துக் குன்பேய் யொகொய் என்பார் 1982இல் சிறு கைப்பொறி ஒன்றுக்கென அமைத்த அச்சிலுவை நாற்பது ஆண்டுகளாக மாறாது நிற்கின்றது. சிறிய பொருள், மலிவான பொருள். ஆனால் திசையனைத்தையும் ஒற்றைப் பெருவிரல்மேற் சுமத்துவது.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ9 பாதை திறந்த பின்னர், யாழ்ப்பாணத்திற் பிளேஸ்ரேசன் பொறிகளை வைத்து மணித்தியாலக் கணக்கிற் பணம் பெறும் சிறு கடைகள் தோன்றின. ஆறாந்தரம் முதல் உயர்தரம் வரை எம்மோடு ஒரே வாங்கில் இருந்த நண்பரொருவரும் யாமும் அத்தகைய கடையொன்றிலே 'ரெக்கன் 3' ஆடிப் பழகினோம். இருபது வயது கடந்த இருவர், சிறுவர்களோடு வரிசையில் நின்று! 2008இல் நண்பர் நாட்டை விட்டு நீங்கினார். இப்பொழுது இலண்டனில் உறைகின்றார். யாம் ஆசிரிய கலாசாலை சென்று பயிற்சி முடித்து இங்கேயே நின்றுவிட்டோம். இணைய வசதி ஓரளவு சீர்பட்ட பின், சனிக்கிழமை தோறும் இரவு ஒன்பது மணிக்கு அவரும் யாமும் ஆடுவது வழக்காயிற்று. அங்கே அது மாரியிற் பிற்பகல் மூன்றரை, கோடையில் நான்கரை.

ஆண்மக்கள் நட்பில் ஒரு விந்தை உண்டு. தொலைபேசியில் அழைத்தால், "என்னடா மச்சான், சுகமோ?" "ஓம், சுகம்" என்பதோடு பேச்சு அற்றுப்போம். கண்ணும் கையும் வேறொன்றிற் பற்றியிருக்கும்போதே வாய் திறக்கும். அவருடைய வேலை பறிபோனதும், எம் அன்னையாரின் நீரிழிவும், அவரது காணியின் வேலி வழக்கும், சண்டைக்கும் சண்டைக்கும் இடையிலேதான் பேசப்பட்டன. அவர் தந்தையார் இங்கே காலமானபோது, வதிவிட உரிமை இன்னும் கிடையாமையால் அவரால் வரவியலவில்லை. பாடையைச் சுமந்தவருள் யாமும் ஒருவர். அன்று இரவு அவர் வேறெதுவும் கேளாது, "விளையாடுவமோ?" என்று மட்டும் கேட்டார். நள்ளிரவு கடந்தும் ஆடினோம். ஒருவரும் ஒரு சொல்லும் உரைக்கவில்லை. யார் வென்றாரென்று எண்ணவுமில்லை.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எம் இடக்கைப் பெருவிரலடியில் நோவு கண்டது. போத்தல் மூடி திறக்கவியலாத நிலை வந்தபின் மருத்துவரிடம் சென்றோம். பெருவிரலை உள்ளே மடித்து முட்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரற் பக்கமாகச் சாய்த்தார்; கண் இருண்டது. பெருவிரலை இழுக்கும் நரம்பு நாண்கள் மணிக்கட்டில் ஓர் உறையினூடே செல்கின்றன. அவ்வுறை தடித்து நாண்களை நெரிப்பதே இந்நோய் என்றார். சுவிற்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வேன் 1895இல் இதனை விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்குகின்றது. "மாஸ்ரர், விரலுக்கு ஓய்வு குடுங்கோ. இல்லாட்டி ஊசி, அதுக்கும் அடங்காட்டி வெட்டுத்தான்" என்றார் மருத்துவர். சாந்துப்பட்டை கட்டி ஆறு கிழமை இருந்தோம். நோவு தணிந்தது, சிலுவைப் பொத்தானைத் தொட்ட மறுநாளே மீண்டது.

அவ்விடைக்காலத்திற் சனிக்கிழமைகள் எவ்வாறு கழிந்தன என்பதை விரிக்க வேண்டுவதில்லை. நண்பர் அழைப்பார்; சுகம் கேட்பார்; சுகம் சொல்வோம். மூன்றாங் கிழமை அழைப்பு வரவில்லை. குறை கூறுதற்கு அதில் ஒன்றுமில்லை. பேசுதற்குரிய முற்றம் இல்லாதபோது எவர் எங்கே நின்று பேசுவது?

எம் பழைய மாணாக்கர் ஒருவர், மின்னணுத் துறையிற் பணிபுரிபவர், இதனைக் கேட்டுத் தண்டுமின்றிச் சிலுவையுமின்றி முற்றும் பொத்தான்களாலாய பெட்டி ஒன்றுண்டென அறிவித்தார். ஹிற்பொக்ஸ் என்னும் நிறுவனம் பரப்பியமையால் அப்பெயராலேயே பலர் அதனைச் சுட்டுவர். இடக்கையின் மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் ஆகியவற்றின் கீழ் முறையே இடம், கீழ், வலம். மேலே செல்லும் பொத்தானோ எல்லாவற்றுக்கும் கீழே, பெருவிரல் சும்மா கிடக்குமிடத்தில், சற்றே பெரிதாக. அதாவது, முன்பு எல்லாச் சுமையும் தாங்கிய பெருவிரலுக்கு இப்பொழுது குதித்தல் என்னும் ஒரே தொழில். அதுவும் வளைந்தன்று, நேரே அழுத்தி.

உண்மையில் இது புதுமையே அன்று. தண்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், தண்டின் அடியைச் சூழ நான்கு சிறு ஆளிகள் மாத்திரமே இருக்கும். தண்டு சாய்ந்து அவற்றுள் ஒன்றையோ, மூலைத் திசையாயின் இரண்டையோ தட்டுகின்றது. எட்டுத் திசை எனத் தோன்றுவது நான்கே. பொத்தான் பெட்டி தண்டை அகற்றிவிட்டு அந்நான்கையும் விரலுக்கே நேரிற் கொடுக்கின்றது. தீப்பந்து எறியக் கீழ்ப்பொத்தானை அழுத்தி, அதனை விடாமலே வலத்தை அழுத்தி, பின்னர்க் கீழை விட்டால் மூன்று திசையும் வந்துவிடும். இரண்டு விரல், மூன்று திசை.

விலைக்கு வாங்குதல் எம் சம்பளத்துக்கு எட்டாதிருந்தது. "சேர், இதை நாங்களே செய்யலாம்" என்றார் மாணாக்கர். 2021இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ என்னும் சிறு பலகை நான்கு டொலர் விலையினது. அதில் ஏற்றுதற்குரிய மென்பொருளை ஆர்வலர்கள் இலவசமாக வழங்கியுள்ளனர். பொத்தான்கள் யப்பானியச் சன்வா நிறுவனத்தன. திசைக்கு நான்கும் அடிக்கு எட்டுமாகப் பன்னிரண்டினை நண்பரே வாங்கி, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உறவினர் கையிற் கொடுத்தனுப்பினார். பெட்டியை எம்மூர்த் தச்சர் பலகையாற் செய்து, பதினொன்றுக்கு இருபத்துநான்கு மில்லிமீற்றரும் ஒன்றுக்கு முப்பதுமாகத் துளையிட்டுத் தந்தார். கொடுக்கும்போது, "வாத்தியார், இது ஆர்மோனியமோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அவர் வாய்ச்சொல் ஒருவகையில் மெய்யே. இப்பெட்டியைக் குறித்து எழுந்த வழக்கும் ஆர்மோனியத்தைக் குறித்து எழுந்த வழக்கும் ஒன்றையொன்று ஒத்தன. கட்டையாலாய கருவியிற் சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் கமகம் வாராதென்று கூறி, அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிற்று. 1971 வரை அவ்விலக்கு நின்றது. இதற்கிடையில் நம் நாட்டு இசைநாடக மேடைகள் அக்கருவியின்றி ஓரிரவும் நடந்ததில்லை! இங்கும் அவ்வாறே. தண்டு இடத்திலிருந்து வலம் செல்ல நடுவைக் கடந்தே தீரும். பொத்தானோ நடுவைக் கடவாமல் தாவும். ஆர்மோனியத்திற் குறை எனப்பட்டது இங்கே மிகை எனப்பட்டது. அதுவே வேறுபாடு.

மற்றொரு சிக்கல் புணர்ச்சி இலக்கணம் கற்றவர்க்கு இனிப்பது. தண்டு ஒரே நேரத்தில் இடமும் வலமும் சாயாது. பொத்தான் பெட்டியில் இரண்டையும் ஒருங்கே அழுத்தலாம். அப்பொழுது விளைவு யாது? பெட்டிக்குப் பெட்டி விதி வேறு. நிலைமொழி வெல்வதும் உண்டு. வருமொழி வெல்வதும் உண்டு. இரண்டும் கெடுவதும் உண்டு. வருமொழி வெல்லும் பெட்டியில், பின்னே சாய்ந்து காத்துக்கொண்டிருப்பவன் இடத்தை விடாமலே வலத்தைத் தட்டிக் கைல் என்னும் வீரனின் எறிபடையை ஏவி, மறுகணமே காப்புக்கு மீளலாம். தண்டுடையார்க்கு இது கூடாது. டைகோ உமேஹரா, 2004இல் ஈவோ போட்டியிற் கென் என்னும் வீரனைக் கொண்டு எதிரியின் உதைகள் அனைத்தையும் தடுத்துப் புகழ்பெற்றவர், தண்டை விட்டுப் பொத்தானுக்கு மாறினார். 2019இல் அவர் கைக்கொண்ட பெட்டி போட்டியில் மறுக்கப்பட்டது. 2023இல் ஆறாம் பாகம் வந்தபோது கப்கொம் தன் போட்டிகளுக்கு வகுத்த விதி, எதிர்த்திசை இரண்டனுள் ஒன்று மற்றொன்றை வெல்லலாகாது என்பது. எம் பெட்டியில் இரண்டும் கெடும். அது நேரிய விதி என்பதே எம் துணிபு. கருவியே ஆடுபவனுக்காக முடிவு செய்தல் கூடாது, கை செய்யட்டும்.

கருவி வந்தது, கை வரவில்லை. முதற்கிழமை ரியு எமக்குப் பணியவேயில்லை. குதிக்க எண்ணினால் குந்துவான். மேல் என்பது கீழே உள்ளதென்பதை மூளை ஒப்பியும் விரல் ஒப்பவில்லை. அறியாத் திசையில் விரல் செல்லும்போது, இருபது ஆண்டுகளாகப் பெருவிரலுக்குள் வாழ்ந்த ஒருவன் வெளியே நின்று கதவைத் தட்டுவது போலிருந்தது. விசயதசமியன்று ஏடு தொடக்கிய சிறுவர் 'அ' எழுதுவதைப் பார்த்தோம். அரிசியில் அவர் விரலைப் பற்றி எழுதுவிக்க ஒருவர் உளர். வீட்டில் எம் மகள் புத்தகங்களோடு பெட்டியையும் பூசையில் வைத்திருந்தாள். எடுக்க மனம் வராது மறுநாள் வரை விட்டோம். பின்னர் நாளுக்கு இருபது நிமிடம், ஒரே அசைவு, வலப்பக்கம் நூறு, இடப்பக்கம் நூறு. கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருக்கையில் இடக்கை விரல்கள் மேசைமேல் தாமாகக் கீழ், வலம் எனத் தட்டுவதை ஒருநாள் மனைவியார் கண்டு சொன்னார். அன்று தெரிந்தது, பெட்டி கைக்குள் வரத் தொடங்கியதென்று.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நண்பரை யாமே அழைத்தோம். பத்து ஆட்டம், பத்தும் தோல்வி. அவர் ஆடுவது சங்கீவ் என்னும் மல்லனை. அம்மல்லனின் பெரும்பிடிக்குத் திசையை முழுவட்டம் சுழற்றல் வேண்டுமாதலின், தண்டை விடுவதில்லை என்பது அவர் நிலைப்பாடு. நான்காம் ஆட்டத்தின் நடுவில், "மச்சான், ஐயாவின்ர ஆண்டுத்திவசத்துக்கு இந்த முறை வரலாமெண்டு நினைக்கிறன், விசா வந்திட்டுது" என்றார். யாம் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "வா" என்றோம். அக்கணத்தில் அவர் எம்மைத் தூக்கி எறிந்தார்.

அவர் வந்து சென்றுவிட்டார். கல்லூரி மைதானத்து வேம்பின் கீழ் அமர்ந்திருந்தபோது இருவர்க்கும் பேச அதிகம் இருக்கவில்லை; மாலையில் வீட்டில் ஒரே கணினியின் முன் அமர்ந்தபின் பேசினோம். இப்பொழுது பெருவிரலில் நோவு இல்லை. மாரியிற் சிறிது இறுகும், அவ்வளவே. சென்ற சனிக்கிழமை பத்தில் நான்கு எமக்கு. சங்கீவின் சுழற்பிடியினின்று குதித்துத் தப்பவேண்டிய நேரத்தில் பெருவிரல் இன்னும் ஒரு கட்டம் பிந்துகின்றது.